வட்டத்துக்குள் எழுதிய பேர்

அவளிடம் கேமரா கிடையாது. ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டை நீளவாக்கில் மடித்துக் கையிலேயே வைத்திருப்பாள். கல்லூரி அடையாள அட்டை தொங்கும் நாடாவில் ஒரு பேனாவையும் நூல் போட்டுக் கட்டியிருப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கணக்கெடுக்க வந்த பெண் மாதிரி இருக்கும். சில வீடுகளில் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் நான் இரண்டு வருஷம் படித்தேன். காட்சித் தொடர்பியல் என்று போர்டில் இருக்கும், நாங்கள் விஸ்காம் என்போம். இரண்டாம் வருஷத்தில் பத்திரிகைப் புகைப்படம் ஒரு பாடம். கேமராக்கள் குறைவு, அதிலும் ஒன்றின் ஷட்டர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு பேருக்கு ஒரு கேமரா என்று சார் ஜோடி பிரித்தார். வருகைப் பதிவேட்டில் என் பேருக்கு அடுத்தது அவள் பேர். அப்படித்தான் நாங்கள் ஒரு கேமராவுக்கு இரண்டு பேர் ஆனோம்.

முதல் நாள் கேமராவுக்காக வரிசையில் நின்றபோது அவள் தன்னைச் சொன்னாள். பேர், திருவிடைமருதூர் பக்கத்தில் ஊர், அப்பா பேர், அம்மா பேர். நான் கேட்கவே இல்லை. பிறகு நோட்டைப் பிரித்தாள்.

"உன் பேரு தெரியும். அப்பா பேரு?"

"எதுக்கு?"

"சும்மாதான். எந்த ஊரு?"

"எங்கப்பா லாரி ஓட்டறாரு. எங்க தார்ப்பாய விரிக்கிறாரோ அதான் ஊரு."

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தார்ப்பாய். "டேய் தார்ப்பாய், கேமராப் பையை மூடுடா, தூசி போகுது" என்று பஸ் நிலையத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள். நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் வேகமானவன். கல்லூரிக்கு வருவதற்கு முன்பே கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் லைட் பிடித்திருக்கிறேன். தாலி கட்டும் நேரம் இரண்டாம் தடவை வராது என்று அங்கே அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் சார் முன்னே ஒரு பத்திரிகையில் படம் எடுத்தவர். பாடப் புத்தகத்தைத் தொடமாட்டார். "மூணே விஷயம்தான். கிட்டப் போ. குனி. பேரைக் கேளு. பேர் இல்லாத படம் காலண்டர் படம்" என்பார். முதல் இரண்டு எனக்கு உடனே வந்தது. மூன்றாவது அவளுக்கு மட்டுமே வந்தது.

முதல் பயிற்சிக்குப் பழைய பஸ் நிலையத்துக்கு அனுப்பினார். நான் ஒரு மணி நேரத்தில் எண்பது படம் எடுத்தேன். அவள் முறைக்குக் கேமராவைக் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பூக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தன் பேர், ஊர், அப்பா அம்மா. அப்புறம் அந்தம்மாவின் பேர், ஊர், பிள்ளைகள், மதுரைப் பூவா உள்ளூர்ப் பூவா என்பது வரை. வெயில் சரிந்து நிழல் நீண்டு, நல்ல வெளிச்சம் எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

"லைட் போகுது!" என்றேன்.

"போகட்டும். ஆளு போகலைல்ல?"

எடுத்தது ஒன்பது படம். ஒன்பதுக்கும் பேர் இருந்தது. என் எண்பதுக்கும் நான் எழுதிக் கொடுத்தது 'பச்சைச் சேலை அம்மா', 'பீடிக்காரர்', 'டீ மாஸ்டர்' என்று. அவள் வாங்கிப் படித்துவிட்டு, "ஏன்டா, இவங்களுக்கெல்லாம் வீட்ல பேரு வைக்கலையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. சார் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, ஃபோகஸ் சரியில்லை, எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இது செய்தி இல்லை, குடும்பப் படம் என்றார். அதுவும் உண்மைதான். அவளோடு கால் மணி நேரம் பேசியவர்களால் அவளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஏன் இப்படிப் பேருக்கு அலைகிறாள் என்பது அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அப்பா கொத்தனார் வேலை, அம்மா வயல் வேலை, இப்போது நூறு நாள் வேலை. தகர பீரோவின் உள் கதவில் ஒரு பத்திரிகைத் துண்டை ஒட்டியிருந்தார்கள். மஞ்சளாகிப்போன படம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, தலையில் பானை. அடியில் 'வெள்ளத்தில் தவிக்கும் பெண்' என்று போட்டிருந்தது.

"நான்தான்" என்றார் அவள் அம்மா, சோறு போட்டுக்கொண்டே. "இடுப்புல இருக்கறது இவ. தவிக்கவெல்லாம் இல்ல தம்பி, பக்கத்துல ஸ்கூலுக்குப் போய்க்கிட்டு இருந்தோம், அங்கதான் சோறு போட்டாங்க. எடுத்தவரு நல்லவருதான், வழுக்காம பாத்துப் போங்கன்னாரு. பேரக் கேட்டிருக்கலாம். ஊரு முழுக்க எடுத்துக்கிட்டுப் போயி நான்தான் நான்தான்னு காட்டறேன், அதுல எம் பேரு இல்லைங்கறாங்க."

அவள் சோற்றில் கையை வைத்தபடி தலைகுனிந்திருந்தாள். அம்மா எல்லாரிடமும் இதைச் சொல்வார் போலிருக்கிறது.

ஒரு தடவை அதிராம்பட்டினத்துக்கு மீன் ஏலம் எடுக்கப் போனோம். கூடை சுமந்துகொண்டிருந்த ஒரு அம்மா, "படத்த எடுத்துக்க. பேரப் போடாத. மகளுக்கு நிச்சயமாயிருக்கு, நான் கூடை தூக்கறது மாப்ள வீட்டுக்குத் தெரியாது" என்றார். அவள் பேரைக் கேட்டாள், எழுதினாள், எழுதியதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "போடாதன்னு சொல்லுது. அப்புறம் என்னத்துக்கு எழுதற?"

"போடறதுக்கா எழுதறேன்? தெரிஞ்சு வச்சுக்க எழுதறேன். வட்டம் போட்டா நோட்ட விட்டு வெளிய போகக் கூடாது." சொல்லிவிட்டு பொட்டலத்திலிருந்து வறுத்த மீனின் முள்ளை எடுப்பதில் மும்முரமானாள். அந்த ஒரு தடவைதான் சொன்னாள். அதன் பிறகு வட்டத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வரவில்லை. இது முக்கியம், அதனால் சொல்கிறேன்.

அந்தத் தை மாதம் சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. அறுக்காத பயிர் படுத்துவிட்டது. அறுத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொட்டியதோ எடை போடப்படாமல் களத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. ஈரம் அதிகம் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். சார் எங்களையெல்லாம் ஜோடிக்கு ஒரு ஊராக அனுப்பினார். எங்களுக்கு வாய்த்தது தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு ஊர்.

களத்தில் பத்துப் பன்னிரண்டு குவியல்கள். தார்ப்பாய் போதாமல் பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்தன. ஓரத்துக் குவியல் ஒன்றின் மேல் ஒருவர் குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தலையில் சிவப்புத் துண்டு. தார்ப்பாய் கிழிந்த இடத்துக்கு நேராகக் குடையை விரித்துப் பிடித்திருந்தார். நெல்லுக்குத்தான் குடை. அவர் நனைந்துகொண்டிருந்தார்.

நான் கிட்டப் போனேன். குனிந்தேன். மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் எல்லாம் சரியாக விழுந்தது. குடையின் கம்பி ஒன்று முறிந்து தொங்கியது, அவர் கழுத்தில் தண்ணீர் வழிந்தது, பின்னால் பூட்டிய குடோன் கதவு. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. இப்போதும் சொல்வேன்.

அதற்குள் அவள் குவியலின் அடியில் போய் நின்றுவிட்டாள். "குடைய உங்களுக்குப் பிடிச்சுக்குங்க பெரியப்பா, ரொம்ப நனையறீங்க."

"நான் நனைஞ்சா காஞ்சுருவேன் பாப்பா. இது காயாது."

வழக்கம்போல முதலில் தன் பேர், ஊர், அப்பா அம்மா. அப்புறம் அவர் பேர். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது. ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், பதினெட்டு வருஷமாக அவர்தான் பயிர்வைக்கிறார், குத்தகை, காகிதம் எதுவும் கிடையாது. சிட்டா அடங்கல் எல்லாம் நிலக்காரர் பேரில். இந்த நெல்லைக்கூட நிலக்காரர் பேரில்தான் எடை போடுவார்கள். "நான் இங்க காவலுக்கு உக்காந்திருக்கவன் மாதிரி பாப்பா."

டெல்டாவில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தொடர்ந்து இவர்தான் பயிர்வைக்கிறார் என்று எங்காவது பதிவாகிவிட்டால், குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு எழுப்புவது கஷ்டம். அதனால் எதையும் எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வாயால் சொன்னதுதான் குத்தகை. வாயால் சொன்னாலே போதும், மறு போகம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"எழுதிக்க, உன் நோட்டுல இருக்கட்டும்" என்றார் அவர். அதற்கு மேல் ஏதோ சொன்னார். காதில் விழுந்தது என்றும் சொல்ல முடியாது, விழவில்லை என்றும் சொல்ல முடியாது. நான் கேமராத் திரையில் என் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. அம்மா வழுக்கி விழுந்து கும்பகோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்படியே பஸ் ஏறிவிட்டாள். நோட்டு நனையாமலிருக்கக் கேமராப் பைக்குள் வைத்திருந்தாள். அது என்னோடு வந்துவிட்டது.

நான் கல்லூரிக்கு வந்தபோது சார் பரபரப்பாக இருந்தார். ஒரு பத்திரிகையின் உள்ளூர்ப் பதிப்பில் மழைச் சேதத்துக்கு மாணவர்கள் எடுத்த படம் ஒன்று போடச் சம்மதித்திருக்கிறார்கள், நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். எல்லாருடைய படத்தையும் பார்த்துவிட்டு என்னுடையதில் நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். அப்படி யாரும் அதுவரை நான் செய்த எதையும் பார்த்ததில்லை.

"கேப்ஷன் எங்கடா? பேரு, ஊரு, விவரம். பேர் இல்லைன்னா போடமாட்டாங்க."

"இருக்கு சார்" என்றேன்.

நோட்டை எடுத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் பேர். ஊர். '6 மா, 18 வருஷம், குத்தகை.' எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். ஒரு தடவை அல்ல, பேனா அழுந்த இரண்டு தடவை போட்ட வட்டம்.

அவளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அடிக்கவில்லை. மணி மூன்றே முக்கால். வட்டத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டைப் அடித்தேன். இன்ன ஊரில் ஆறு மா நிலத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் இன்னார், கொள்முதல் செய்யப்படாத நெல்லை மழையிலிருந்து காக்கக் குடை பிடிக்கிறார். சார் படித்துவிட்டு, "இதான்டா கேப்ஷன்" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் நான்கு பத்தி அகலத்தில் வந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் என் பேர். சார் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கேன்டீனில் எனக்குத் தனியாகப் பஜ்ஜி கொடுத்தார்கள்.

அவள் மூன்றாம் நாள் வந்தாள். பலகை முன்னால் வெகுநேரம் நின்று வாசித்தாள். அவளுக்கு வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"வட்டத்தப் பாக்கலையா?"

"எந்த வட்டம்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "பேரச் சுத்தி இருந்துச்சே."

"அது ஏதோ முக்கியம்னு அடையாளம் வச்சிருக்கன்னு நெனச்சேன்."

அவள் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "நான்தான் உங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்போல. நோட்டையும் விட்டுட்டுப் போனேன்" என்றாள். நான் மறுக்கவில்லை. என்னால் சொல்ல முடிந்த ஒரு நிமிஷம் அது. பலகையில் என் படம் இருந்தது.

அந்த வாரமே இருவரும் ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நிலக்காரர் துபாயில் இருக்கிறார். படம் வாட்ஸ்அப்பில் அவருக்கே போய்விட்டது. அங்கிருந்து போன், இங்கே அவருடைய காரியக்காரர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்த நெல்லோடு சரி, அடுத்த போகத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குடை பிடித்தவர் வீட்டில் இல்லை. அவர் மனைவிதான் வாசலில் நின்றார். அவள் வழக்கம்போலத் தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ யாரா இருந்தா எனக்கென்ன?" என்றார் அந்தம்மா. "பேரக் கேட்டு எழுதினது நீதானா?"

"நான்தாங்க பெரியம்மா."

"போடாதன்னு சொன்னாராமே."

"சொன்னாருங்க."

"அப்புறம்?"

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றேன். ஸ்டாண்டு போட்டால் ஈர மண்ணில் வண்டி சாய்ந்துவிடும், அதனால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அவரு குடை புடிச்சதப் பாத்து ஊரே பாவம்னுச்சு. பாவம்னு சொல்றவுங்க யாரு வந்து நெலம் தரப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார்.

அவள் அங்கிருந்து நேரே காரியக்காரரிடம் போகலாம் என்றாள். உரக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகத்தான் பேசினார். "ஏம்மா, அதுல போட்டிருக்கறது பொய்யா?"

"இல்லைங்க."

"அதான் தொல்லை. பொய்யா இருந்தா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன்."

பத்திரிகை அலுவலகத்துக்கும் போனாள். திருத்தம் போட முடியுமா என்று கேட்டாள். அங்கிருந்தவர் பதிப்பை எடுத்து விரித்து, பேர் சரியா, ஊர் சரியா, ஆறு மா சரியா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் சரிங்க என்றாள். "எல்லாம் சரியா இருக்கறப்ப எதைம்மா திருத்தறது?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேமராவைத் தொடவில்லை. "நீயே எடு" என்பாள். பயிற்சிக்கு அவள் பேரிலும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கூடவே வருவாள், கேமராப் பையைத் தூக்கிக்கொள்வாள். ஆட்களிடம் பேசுவாள், பேர் கேட்பாள். எழுதமாட்டாள். பேனா மட்டும் நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் நான் படிப்பை விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. சேலம் பக்கத்தில் அப்பாவின் லாரி கவிழ்ந்தது. அப்பாவுக்குக் கால் போயிற்று, வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டியிருந்தது. நெல் அறுக்கும் மிஷினோடு போகும் கூட்டத்தில் சேர்ந்தேன். தையில் டெல்டா, அப்புறம் ஆந்திரா, கர்நாடகா, எங்கே நெல் பழுக்கிறதோ அங்கே. மிஷினுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூங்குவோம். அவள் வைத்த பேர் பொருத்தமாகத்தான் ஆயிற்று. கேமரா என்று எதையும் அதன் பிறகு கையில் வைத்துக்கொள்ளவில்லை. போனில் மிஷின் பாகம் எது உடைந்தது என்று ஓனருக்குப் படம் அனுப்புவேன், அவ்வளவுதான். அதற்குப் பேர் கேட்க வேண்டியதில்லை.

ஆறு வருஷம் கழித்து, போன தையில், கும்பகோணத்தில் ஆதாரில் முகவரி மாற்ற ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட பெண் நிமிராமல் கேட்டாள்.

"பேரு?"

சொன்னேன்.

"அப்பா பேரு?"

சொன்னேன். விசைப்பலகையில் கை நின்றது.

"டேய் தார்ப்பாய்!"

வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து டீக்கடையில் நின்று பேசினோம். அவள் அம்மா நன்றாக இருக்கிறார், இடுப்பு மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பீரோக் கதவில் படம் இன்னும் இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேர், அப்பா பேர், ஊர் என்று கேட்டு டைப் அடிக்கிறாள். "நெனச்ச வேலதான் கெடச்சிருக்கு பாத்தியா" என்று சிரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள். பொங்கலுக்கும் நடவு சமயத்திலும் அந்த ஊருக்குப் போய் வருகிறாளாம். தொழிலாளர் நலவாரியத்தில் அந்தக் குடைக்காரருக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

"தொழில்னு ஒரு கட்டம் வரும்ல, அதுல விவசாயக் கூலின்னு நானேதான்டா அடிச்சேன்."

"அந்தம்மா?"

"போனா தண்ணி கொண்டாந்து வைக்கும். பேசாது. ஆறு வருஷமா ஒரு வார்த்த பேசல. நான் குடிச்சிட்டுச் சொம்ப வச்சிட்டு வருவேன்."

அப்போதுதான் சொன்னேன். அதிராம்பட்டினத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் நீ சொன்னாய், வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாய், வட்டம் என்னவென்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் போட்டேன் என்று. டீ ஆறிப்போகும்வரை அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாசல்ல நிக்கறப்பல்லாம், இவங்கிட்டச் சொன்னமா சொல்லலையான்னு யோசிச்சுக்கிட்டே நிப்பேன்டா. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வராது. மீனு தின்னேனா?"

"ஆமா."

"சரி" என்றாள். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அழவும் இல்லை. "இத எங்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகாது. அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லு." கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் குரல் வெளியே கேட்டது. "அடுத்து யாருங்க? பேரு சொல்லுங்க."

எங்கள் மிஷின் அந்த வாரம் அந்தப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் டிரைவரிடம் சொல்லிவிட்டு அந்த ஊருக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு வயலில் அவர் இருந்தார். அதே ஆறு மாவா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயமாக இருந்தது. மிஷின் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக வயலின் மூலைக் கதிரை மட்டும் கையால் அறுத்து வைப்பார்கள். அந்தக் கூலி வேலை. மூன்று மூலை முடித்து நான்காவதில் குனிந்திருந்தார். சிவப்புத் துண்டு இல்லை, வேறு துண்டு.

நான் வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிவாளை நிறுத்தவில்லை. அறுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப படம் எடுத்தது நீயா? ஓரத்துல பொடியா ஒரு பேரு இருந்துச்சு. அத யாரும் படிக்கல." பிறகு நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார். "அந்தப் பாப்பா மேல எனக்கு ஒண்ணும் கெடையாது, தம்பி. எழுதிக்கன்னு சொன்னவன் நான்தானே. வீட்லதான் கேக்கமாட்டேங்கறா. போ, இருப்பா."

அந்தம்மா முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பிடித்துக்கொள்ள வண்டி இல்லை. வாசலுக்கே போய் நின்று சொன்னேன். அவள் எழுதியது வெளியே போகக் கூடாதென்றுதான், வட்டம் போட்டு வைத்திருந்தாள், அவள் ஊரில் இல்லாத நேரத்தில் நோட்டைப் பிரித்துப் போட்டது நான், கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னதும் நான். முறம் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உம் பேரென்ன?" என்றார்.

சொன்னேன்.

"எந்த ஊரு? யாரு மவன்?"

ஊர் என்று ஒன்றைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் பேரை யாரும் அப்படி மனசில் இருத்திக்கொண்டதில்லை. மறக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

பிறகு நான் நின்ற இடத்தைக் கையால் காட்டினார்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு இந்த எடத்துல நின்னு பேரச் சொல்ல வந்துச்சு. நான்தான் சொல்ல விடல. இவரும் பாப்பா பாப்பாங்கறாரே தவிர பேரச் சொன்னதில்ல, நானும் கேக்கல." முறத்தைக் கீழே வைத்தார். "நடவுக்கு வரும். வந்தா என்னன்னு கூப்புடறது? அது பேரு என்ன, தம்பி?"

சொன்னேன். ஊரையும் சொன்னேன், அப்பா பேர், அம்மா பேர், அவள் என்ன வரிசையில் சொல்வாளோ அதே வரிசையில்.

அங்கே சொன்னேன். இங்கே எழுதவில்லை.